மோடு இல்லாத சாய்ப்பு

"நாலடின்னா நாலடிதானுங்க, அதுல என்ன பேச்சு—"

"என்ன நாலடி? தகரத்த வெச்சுப் பாரு புள்ள, கண்ணிருக்குதல்ல—"

"தகரம் என்னத்தக் கண்டுதுங்க? சொல்லியுட்ட வாய்—"

"வாய்க்கென்ன, எதையுஞ் சொல்லும். அதும் மலைக்காரன் வாய்."

"அந்தத் தகரத்த வெட்டிக் குடுத்ததும் அதே மலைக்காரந்தானுங்க."

இதற்குப் பொங்கியண்ணன் வழக்கமாகச் செய்வதைச் செய்தார். தலைத்துண்டை அவிழ்த்து, உதறி, மறுபடி கட்டிக்கொண்டார். அவர் மனைவி சுப்பாத்தாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த பேச்சுக்குத் தயாராக நின்றாள். இருவருக்கும் மேலே, ஏணியின் நாலாம் படியில், கூரைக்குச் சாய்த்து வைக்கிற கைமரத்தின் ஒரு நுனியைத் தோளில் தாங்கியபடி காளிச்சாமி ஆசாரி நின்றிருந்தார்.

"ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க பண்ணாடி, தோளு போகுது" என்றார் அவர்.

எழுபத்தாறாம் வருசம் வைகாசியில், வேலந்தாவளத்துக்கு மேற்கே இருந்த அவர்களுடைய தோட்டத்து வீட்டில் நடந்த சண்டை இது. வீட்டின் மேற்குச் சுவரை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கமாக மட்டும் சரிந்து இறங்கும் கூரை. அதன் மேல் நுனியைத் தாங்கும் விட்டம் வீட்டுச் சுவரில் பத்தடி உயரத்தில் பதிந்தாகிவிட்டது. எதிரே புதிதாக எழுப்பிய வெளிச்சுவர் ஆறடி. பத்தில் ஆறு போனால் நாலு. மலையிலிருந்து சொல்லிவிட்ட இறக்கமும் நாலடிதான். ஆனால் முதல் கைமரத்தை விட்டத்தில் வைத்து, அதே மலையிலிருந்து அளவு பார்க்க வந்த முக்கோணத் தகரத்தின் சாய்வுக்குச் சரியாகப் பிடித்தால், அது வெளிச்சுவரின் தலையில் போய் உட்கார மறுத்தது. ஏழரை அங்குலம் கீழே, சுவரின் நெற்றியில் போய் முட்டியது.

சுவரை ஏழரை அங்குலம் இடித்துவிடு என்பது பொங்கியண்ணனின் கட்சி. இடித்தால் கதவு ஐந்தேகால் அடிச் சொச்சத்துக்கு வந்துவிடும், யார் குனிந்து போவது என்பது சுப்பாத்தாளின் கட்சி. சுவரை விட்டுவிட்டுக் கைமரத்தைக் கொஞ்சம் தூக்கிப் படுக்க வைத்துவிடலாமே என்று ஆசாரி நடுவில் சொல்லிப் பார்த்தார். அதற்கு மட்டும் இருவரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். எங்கள் பக்கத்து மழை நேராகப் பெய்வதில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து அதைத் தள்ளிக்கொண்டு வரும். கூரை படுத்திருந்தால் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் புகுந்து மேலே ஏறும். உள்ளே படுத்திருக்கிறவர்கள் மேல் சொட்டும்.

"கன்னுக்குட்டிக்கு எதுக்குக் கெழவி ஆறடிக் கதவு?" என்றார் பொங்கியண்ணன்.

அதற்கு ஒரே ஒரு சொல்தான் பதில். மகளின் பெயர். அவர் எதிரே அந்த வாசலில் அதை யாரும் சொல்லி ஆறு வருசம் ஆகிறது.

அந்த வீட்டில் அப்போது கன்றுக்குட்டி எதுவும் இல்லை. சினைமாடும் இல்லை. இருந்தாலும் கட்டுவது கன்றுக்குட்டிச் சாய்ப்பு என்றுதான் பேச்சு. கட்டச் சொன்னவளுக்கும் தெரியும், கட்ட விட்டவருக்கும் தெரியும், கல் சுமந்த பெண்களுக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் எல்லாரும் கன்றுக்குட்டி என்றார்கள்.

அவர்களுக்கு ஒரே மகள், கமலாத்தாள். பாலக்காட்டில் டீச்சருக்குப் படித்துவிட்டு, மலைமேல் மாட்டுப்பட்டிக்கு அந்தப்புறம் ஒரு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராகப் போனாள். போன இரண்டாம் வருசம் அங்கேயே நல்லதம்பி என்கிறவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் தேயிலைப் பேக்டரியில் பிட்டர். திருநெல்வேலியிலிருந்து தாத்தா காலத்தில் மலையேறிய குடும்பம். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குத் தகரக்கூரை போடுவதும் அவன் வேலையில் ஒன்று. செய்தி வந்த அன்று பொங்கியண்ணன் வாசலில் இறங்கி நின்று, வீட்டு உச்சியைக் கையால் காட்டி, "இந்த மோட்டுக்குக் கீழ இனி அவ நிக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டார்.

விளக்கின் மேல் சத்தியம் செய்தால் அணைந்த பிறகு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். கற்பூரத்தின் மேல் செய்தாலும் பரிகாரம் உண்டு. மோட்டைக் காட்டிச் சொன்னதற்கு எங்கள் ஊர்ப்பக்கம் மாற்று இல்லை. மோட்டைத் தாங்கும் மோட்டுவளையை ஏற்றுகிற நாளில் தேங்காய் உடைத்து, மஞ்சள் துணி முடிந்து, ஊரைக் கூப்பிட்டுச் சோறு போடுகிறோம். அதைச் சாட்சி வைத்துச் சொன்ன சொல் மோட்டைப் பிரிக்கிற வரைக்கும் நிற்கும் என்பார்கள். அந்தச் சொல் ஒரு வாரத்தில் மலைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து பதிலும் இறங்கி வந்தது: அவர் மோட்டுக்குக் கீழே நானும் வரமாட்டேன். அப்பனுக்குத் தப்பாத மகள். உயரமும் அப்படி, வாயும் அப்படி.

ஆறு வருசம் கழிந்தது. அந்தப் பங்குனியில், சந்தையிலிருந்து மாட்டுப்பட்டிப் பண்ணைக்கு மாடு ஏற்றிப் போகிற லாரி டிரைவர் அழகுமலை, கமலா டீச்சர் முழுகாமல் இருக்கிறாள், ஆடிக்கு எதிர்பார்க்கிறார்கள் என்று சுப்பாத்தாளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனான். தலைப்பிரசவம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வராமல் எங்கே போவாள் என்று அன்றைக்கெல்லாம் சுப்பாத்தாள் அடுப்போடும் அம்மியோடும் பேசிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் களத்தில் நின்று கூரையையே பார்த்தாள். மறுநாள் காலையில், ஏர்க்கலப்பை செதுக்க வந்த காளிச்சாமியிடம், பொங்கியண்ணன் காதில் விழுகிற தூரத்தில் நின்று ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏனுங்க ஆசாரி, சாய்ப்புக்கு மோடு உண்டுங்களா?"

"ஒத்தச் சாய்ப்புக்கு ஏதுங்க அம்மிணி மோடு? ரெண்டு பக்கமும் சரிஞ்சாத்தான் மோடு. சாய்ப்பு செவுத்துல சாஞ்சு நிக்கறது."

"மோட்டுக்குக் கீழ வராதுங்களா?"

"எப்படிங்க வரும்? செவுத்துக்கு வெளியே அல்ல நிக்குது."

இரண்டு நாள் கழித்துச் சோற்றில் மோர் ஊற்றும்போது பொங்கியண்ணன், மேற்குப் பக்கம் கன்றுக்குட்டிக்கு ஒரு சாய்ப்புப் போடலாமென்று தனக்கே ஒரு யோசனை இருந்தது என்றார். அவருடைய யோசனை என்றே இருக்கட்டும் என்று சுப்பாத்தாளும் விட்டுவிட்டாள்.

சாய்ப்புச் சேதியைச் சுப்பாத்தாள் அழகுமலையிடம் சொல்லிவிட்டாள்; மோடு இல்லாத இடமென்றால் வருகிறேன் என்று கமலாவிடமிருந்து பதில் வந்தது. கூடவே நல்லதம்பியின் அளவும் வந்தது. மழைக்குப் பழகியவன், குழந்தை படுக்கிற இடத்தில் ஒரு சொட்டு விழக்கூடாது என்பது அவன் கவலை. எட்டடி, முப்பது டிகிரி, நாலடி இறக்கம். மறந்துவிடக்கூடாதென்று அழகுமலை அதை வழியெல்லாம் பாட்டாகச் சொல்லிக்கொண்டே வந்தானாம். டிகிரி என்றால் என்னப்பா என்று சுப்பாத்தாள் கேட்டதற்கு, "எனக்குத் தெரியாதுங்க அம்மிணி, தகரத்துல இருக்குதாம்" என்று சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு முக்கோணத் தகரத்தை எடுத்துக் கொடுத்தான். அதன் கூர்முனைதான் முப்பது டிகிரி. கைமரத்தை அதற்கு ஒட்டிப் பிடித்தால் போதும், சாய்வு தானே வந்துவிடும்.

வாயும் தகரமும் ஒரே இடத்திலிருந்து வந்தவைதான். இப்போது இரண்டும் ஒன்றையொன்று பொய் என்று சொல்லிக்கொண்டு நின்றன. அன்றைக்குச் சண்டை தீரவில்லை. காளிச்சாமி கைமரத்தை இறக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, முடிவு வந்தால் சொல்லியனுப்புங்கள் என்று போய்விட்டார்.

அடுத்து வந்த நாட்களில் சுப்பாத்தாள் வேலை ஒழிந்தபோதெல்லாம் அந்தக் கூரையில்லாச் சாய்ப்புக்குள் போய் நின்றாள். மண் பூசிய தரையைக் காலால் தடவிப் பார்த்தாள். கட்டில் இந்தப் பக்கம், பெற்றவள் குளிக்க வேதுத்தண்ணி அண்டா அந்த மூலை, தூளி இனி வரும் இரண்டாம் கைமரத்தில். அவளுக்கு மகளின் முகம் அவ்வளவு சுலபமாக நினைவில் வரவில்லை. குரல்தான் வந்தது. எதையும் கோணலாகக் கேட்கிற குரல். "ஏனம்மா, எருமைக்குக் கட்டினதுலயா என்னையப் படுக்க வெக்கற?" என்று அது கேட்டது. எருமைக்கில்ல கண்ணு, கன்றுக்குட்டிக்கு என்று இவள் சொன்னாள். "அப்ப எனக்குப் புல்லா, பருத்திக்கொட்டையா?" என்றது. சுப்பாத்தாள் தனியே நின்று சிரித்தாள். கதவு நிலையில் தன் தலை எங்கே வருகிறதென்று பார்த்தாள். மகள் தன்னைவிட ஒரு சாண் உயரம். அந்த ஒரு சாணை விரல் விரித்து வைத்துப் பார்த்தாள். நிலையைத் தொட்டுக்கொண்டு, ஆனால் குனியாமல், ஆறடியில் போய்விடுவாள். ஐந்தேகாலில் முடியாது. நிறைமாதக்காரி குனிந்து வாசல் நுழையக்கூடாது என்று சுப்பாத்தாளின் ஆத்தாள் சொல்லுவாள். ஏனென்று ஆத்தாளும் சொன்னதில்லை, இவளும் கேட்டதில்லை. ஆனால் குனிந்து வந்தாள் என்று ஒரு சொல் பின்னால் கிளம்பும். தகப்பன் வீட்டுக்குத் தலைகுனிந்து வந்தாள் என்று கிளம்பும். அதை அவள் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் மலையேறிவிடுவாள்.

அதனால் சந்தை நாளில் அழகுமலையிடம் ஒரே வரி சொல்லிவிட்டாள்: அளவு சொன்ன ஆளே வந்து பார்க்கட்டும்.

அடுத்த சந்தை நாளில் லாரி தெற்கு வேலி ஓரம் நின்றது. நல்லதம்பி மட்டும் இறங்கினான். தோளில் ஒரு பை, கையில் மட்டம் பார்க்கிற ஒரு ரசமட்டம். வைகாசி வெயிலில் கம்பளிச் சட்டையைக் கழற்றி முழங்கையில் தொங்கவிட்டிருந்தான். அவன் இவ்வளவு குட்டையாக இருப்பான் என்று சுப்பாத்தாள் நினைக்கவில்லை. கமலாவின் தோளுக்குத்தான் வருவான். சாயங்காலம் லாரி திரும்பும்போது அதிலேயே போய்விடுவேன் என்றான்.

"கம்பளிச் சட்டைங்களா தம்பி?" என்றார் காளிச்சாமி. "இங்கெ ஆடே அதக் கழட்டிப் போட முடியாமத் தவிச்சுட்டு நிக்குது."

சுப்பாத்தாள் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவன் குடித்து முடிப்பதற்குள் ஆறு வருசத்தையும் கேட்டுவிட்டாள். கால் வீங்குகிறதா, வயிறு இறங்கியிருக்கிறதா, எதன் மேல் ஆசைப்படுகிறாள், குளிருக்குக் காது அடைக்குமே அது இன்னும் உண்டா. அவன் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னான். கடைசியில் அவனாகவே ஒன்று சொன்னான்.

"விடியக்காலம் சில நாளு எந்திரிச்சு உக்காந்துக்கிடுதா அத்தே. என்னன்னு கேட்டா, மோட்டாரு சத்தம் கேக்கலங்கா. எங்க லயத்துல ஏது மோட்டாரு? இங்கன உள்ள கெணத்து மோட்டாரத்தான் சொல்லுதா."

வேப்பமரத்தடியில், இவர்களுக்கு முதுகைக் காட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்த பொங்கியண்ணன் வெற்றிலையை மடிப்பதை நிறுத்தினார். பிறகு மறுபடி மடித்தார். திரும்பவில்லை.

"காளிச்சாமி, தகரஞ் சரியா, சொன்ன வாய் சரியான்னு கேளு" என்றார் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு.

காளிச்சாமி மூன்று முழம் தள்ளி நின்றவனிடம் திரும்பினார். "தகரஞ் சரியா, வாய் சரியான்னு பண்ணாடி கேக்கறாருங்க."

"ரெண்டும் சரின்னு சொல்லுங்க."

"ரெண்டுஞ் சரியாமுங்க."

"அப்பறம் எதுக்குச் செவுரு ஏழரை அங்குலம் ஒசந்து நிக்குதுன்னு கேளு. பேய் வந்து தூக்குச்சா?"

நல்லதம்பி அதற்குள் ஏணியில் ஏறியிருந்தான். கைமரத்தை மறுபடி தூக்கிப் பிடிக்கச் சொல்லி, விட்டத்திலிருந்து வெளிச்சுவர் வரை அதன் மேல் டேப்பை ஓட்டிப் பார்த்தான். ஒன்பதேகால் அடி. ஒரு நிமிடம் அங்கேயே நின்று எண்ணிவிட்டுச் சிரித்தான். சிரித்தது தப்போ என்று உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டான்.

"ஆசாரியாரே, எட்டடின்னு சொல்லிவிட்டனே, நீங்க எத எட்டடின்னு அளந்திய?"

"தரையத்தானுங்க. பின்ன ஆகாசத்தையா?"

"நான் சொன்னது கைமரத்த."

அவன் இறங்கி வந்து, தரையில் உட்கார்ந்து, விரலால் மண்ணில் கோடு இழுத்துக் காட்டினான். மலையில் சமதரை எங்கே இருக்கிறது, அளப்பதற்கு? ஒரு கால் மேட்டில், ஒரு கால் பள்ளத்தில். அதனால் அவர்கள் தரையை அளப்பதே இல்லை, தகரத்தைத்தான் அளப்பார்கள். ஷீட்டு எட்டடி என்றால் கூரை எட்டடி. முப்பது டிகிரிக்குச் சாய்த்தால் ஷீட்டின் நீளத்தில் சரிபாதி இறங்கும். எட்டுக்குப் பாதி நாலு. அவன் நினைத்த தரை ஏழடிகூட முழுசாக இல்லை. இங்கே ஆசாரி தரையில் எட்டடி தள்ளி அஸ்திவாரம் போட்டுவிட்டார். தூரம் கூடினால் அதே சாய்வுக்கு இறக்கமும் கூடத்தானே செய்யும்.

"கைமரத்துல அளந்தா அடிக்கு ஆறங்குலம் எறங்கும். தரையில அளந்தா அடிக்கு ஏழங்குலம், அரை நூலு கொறையும். எட்டேழு அம்பத்தாறு. கொறையுற நாலு நூலு, அதாவது அரை அங்குலத்தக் கழிச்சா நாலடி ஏழரை. உங்க செவுத்துல முட்டுதுல்லா, அதே ஏழரைதான்."

காளிச்சாமி மண்ணில் இருந்த கோட்டைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அடிக்கு ஏழு, அடிக்கு ஏழு என்று முணுமுணுத்தார். கட்டிலிலிருந்தும் அதே முணுமுணுப்பு கேட்டது. பொங்கியண்ணனின் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஓடிக்கொண்டிருந்ததைச் சுப்பாத்தாள் பார்த்தாள். எட்டாவது கணுவில் அது நின்றது.

"எட்டடின்னா தரைதான்" என்றார் அவர். "ஓட்டு மேல ஏறி அளக்கறது கொரங்கு."

காளிச்சாமி தயங்கினார். "அதையுஞ் சொல்லோணுங்களா பண்ணாடி?"

"கேட்டுருச்சுன்னு சொல்லுங்க" என்றான் நல்லதம்பி.

சுப்பாத்தாளுக்குச் சிரிப்பு வந்தது. பொங்கியண்ணன் தோள் ஒருமுறை குலுங்கியதுபோலவும் இருந்தது. நிச்சயமில்லை.

இனி என்ன செய்வதென்று பேச்சு வந்தது. சுவரை உள்ளே தள்ளிக் கட்டலாம். ஆனால் புதுச் சுவர் ஆனிக்குள் காயாது, பச்சை ஈரத்தில் பெற்றவளைப் படுக்க வைக்க முடியாது. சுவரை இடித்தால் கதவு தாழ்ந்துவிடும்.

"குனியச் சொன்னா அவ வரமாட்டா" என்றான் நல்லதம்பி. "அவ மாமா ஒசரம்."

மாமா என்ற சொல் வாசலில் விழுந்து கிடந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. அவன் சொல்லிவிட்டோமே என்று சங்கடப்பட்டு, ரசமட்டத்தைத் துடைக்க ஆரம்பித்தான்.

வேறு வழி ஒன்றுதான். கீழே குறைக்க முடியாததை மேலே கூட்டவேண்டும். விட்டத்தை ஏழரை அங்குலம் உயர்த்தினால் சாய்வும் தகரம் சொன்னபடி நிற்கும், கதவும் ஆறடி நிற்கும். ஆனால் விட்டத்துக்கு மேலே பெரிய வீட்டுக் கூரையின் கீழ் விளிம்பு, இறவாணம், வந்து தொங்கிக்கொண்டிருந்தது. நடுவில் நாலு விரல்கூட இடமில்லை. உயர்த்த வேண்டுமென்றால் இறவாணத்தின் கடைசி இரண்டு வரிசை ஓட்டைக் கழற்றி, சாய்ப்பின் கைமரத்தைப் பெரிய வீட்டின் கைமரத்தோடு சேர்த்து அடிக்க வேண்டும்.

பொங்கியண்ணன் கட்டிலைவிட்டு எழுந்து வந்தார். நல்லதம்பியைப் பார்க்காமல், அண்ணாந்து, இறவாணத்தைப் பார்த்தார்.

"சேத்தா ஒண்ணாயிருமா?" இது காளிச்சாமிக்கு.

"ஒண்ணாயிருமுங்க. மோட்டுல விழுந்த தண்ணி சாய்ப்பு வழியாத்தான் வெளியே எறங்கும். அப்பறம் சாய்ப்பு வேற ஊடு வேறன்னு பிரிச்சுச் சொல்ல முடியாதுங்க." காளிச்சாமி கொஞ்சம் நிறுத்தி, மரியாதைக்குக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மோட்டுக்குக் கீழதானுங்க வரும்."

தன் கெட்டிக்காரத்தனம் அவ்வளவும் சுற்றிச் சுற்றி வந்து அதே மோட்டின் கீழ் நின்றுவிட்டது என்று சுப்பாத்தாளுக்குத் தெரிந்தது. இத்தனை நாள் அவரைக் கேட்காமலே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டதாக நினைத்திருந்தாள். இப்போது கேட்காமல் முடியாது. கேட்டு அவர் இல்லை என்றுவிட்டால் அதற்கப்புறம் வழியே இல்லை. அவர் வாயையே பார்த்தாள்.

பொங்கியண்ணன் ரொம்ப நேரம் அண்ணாந்தபடியே நின்றார். கழுத்து வலித்திருக்கும். பிறகு தலையை இறக்கி, நேராக நல்லதம்பியைப் பார்த்தார். ஆறு வருசத்தில் முதல் தடவை, நடுவில் ஆள் இல்லாமல் கேட்டார்.

"எத்தன வரிசை?"

"ரெண்டு வரிசை போதும்."

"ஓட்டத்தானே எடுக்கறது. எடுங்க."

எடு என்று சொல்லவில்லை. எடுங்க என்றார். சுப்பாத்தாள் அதைக் கேட்டாள். காளிச்சாமியும் கேட்டார், ஏணியை நகர்த்துகிறவர்போல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பொங்கியண்ணன் அதற்குமேல் அங்கே பேச்சுக்கு நிற்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணிக்குக் கீழே போய், மேலிருந்து காளிச்சாமி இறக்குகிற ஓடுகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சுவரோரம் அடுக்க ஆரம்பித்தார். பழைய ஓடுகள். அடியில் குளவிக்கூடும் சருகும் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றையும் ஊதித் துடைத்து வைத்தார். வெறும் ரீப்பர் தெரிந்த இடத்தில் பளிச்சென்று வானம் வந்தது.

சுப்பாத்தாளுக்கு நிலைகொள்ளவில்லை. அடுப்படிக்குப் போனாள், எதற்குப் போனோம் என்று தெரியாமல் திரும்பி வந்தாள். மருமகனுக்குச் சோறு போடவேண்டும், கமலாவுக்கு நிலக்கடலையும் ராகி மாவும் கட்டிக் கொடுக்கவேண்டும், ஆனி பிறந்ததும் என்றைக்கு நாள் நன்றாக இருக்கிறதென்று பார்க்கவேண்டும். வரிசையாகச் சொல்லிக்கொண்டே நல்லதம்பியிடம் வந்தாள். அவன் முகத்தில் அந்தச் சந்தோசம் இல்லை.

"அத்தே" என்றான் மெதுவாக. "அவ என்ன சொல்லி விட்டான்னு உங்களுக்கு நெனவிருக்கா?"

அவளுக்கு நினைவு வந்தது. மோடு இல்லாத இடமென்றால் வருகிறேன்.

"மாமா சொன்னது ஒண்ணு. அவ சொன்னது வேறொண்ணு. அவுக எறங்கி வந்துட்டாக, நல்லதுதான். அவ எறங்கலயே. இப்ப இது மோட்டோட சேந்துருச்சு. நான் போயி என்னன்னு சொல்லட்டும்?"

மேலேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த காளிச்சாமி, சொல்லாமல் கூட்டி வந்துவிட்டால் போகிறது, பெண்பிள்ளைக்கு ஓட்டுக் கணக்கு எங்கே தெரியும் என்றார். நல்லதம்பி தலையை ஆட்டினான். அவள் பிறந்து வளர்ந்த கூரை இது. மழை விட்ட பின்னால் எந்த ஓட்டிலிருந்து கடைசிச் சொட்டு விழும் என்பதுவரை அங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லுகிறவள். வாசலில் வந்து நின்று ஒருமுறை அண்ணாந்து பார்த்தால் போதும், தெரிந்துகொள்வாள். அப்புறம் உள்ளே வரமாட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே திரும்பிவிடுவாள்.

அவனையே போய்ச் சமாதானம் சொல்லச் சொல்லலாமா என்று சுப்பாத்தாள் ஒரு கணம் நினைத்தாள். சொன்னால் சொல்வான். நல்லவன்தான். ஆனால் கமலாவின் குரல் அவளுக்கு இங்கேயே கேட்டது. "நீங்க ஏன் சொல்றீங்க? சொல்லவேண்டிய வாய் எங்க?" அம்மா வரச் சொன்னாள் என்றாலும் அதே கேள்விதான். வாசலில் நின்று வரக்கூடாதென்று சொன்னவர் ஒருவர். அவர் வரச் சொன்னால் ஒழிய அவள் எந்தக் கூரைக்குக் கீழும் வரமாட்டாள். உயரமாக இருந்தாலும், தாழ்வாக இருந்தாலும், மோடு இருந்தாலும், இல்லாவிட்டாலும்.

தெற்கு வேலியில் அழகுமலை லாரியை நிறுத்தி ஒருமுறை ஹார்ன் அடித்தான். மாடுகள் உள்ளே கால்மாற்றி நிற்கிற சத்தம் வீடுவரை கேட்டது. நல்லதம்பி கம்பளிச் சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். சாய்வுக்கு அந்தத் தகரத்தை விட்டுவிடாமல் வைத்துப் பார்க்கும்படி ஆசாரியிடம் இன்னொரு தடவை சொன்னான். பிறகு யாரிடம் விடைபெறுவது என்று தெரியாமல் முற்றத்தின் நடுவில் நின்றான்.

பொங்கியண்ணன் கடைசி ஓட்டை வாங்கி, அடுக்கின் மேல் வைத்து, நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நேராகத்தான் இருந்தது. அதையே மறுபடி எடுத்து மறுபடி வைத்தார். சுப்பாத்தாள் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். இருபத்தெட்டு வருசமாக அவரிடம் எதையும் அவள் கோபமாகவோ கேலியாகவோதான் கேட்டிருக்கிறாள். இப்போது இரண்டும் வரவில்லை.

"ஏனுங்க, மாப்ளை கெளம்பறாருங்க. கமலாகிட்ட என்னன்னு சொல்லச் சொல்றீங்க?"